பள்ளமா, மேடா?

ஃப்ரூன்ஸே நகரத்தில், ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்ட ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், துர்சுனை பதினொரு வருஷமாக மலைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மலை என்பது நிமிர்ந்து பார்க்க வேண்டிய சாமான். அதைக் குனிந்து பார்ப்பதற்கென்றே ஓர் அலுவலகம் கட்டி, வாசலில் துப்பாக்கியோடு காவல்காரனையும் நிறுத்தியிருந்தார்கள். என்னத்தைச் சொல்ல!

வேலை இதுதான். விமானம் பறந்துகொண்டே கீழே படம் எடுக்கும். ஒரே இடத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு தடவை எடுக்கும். இரண்டு படங்களையும் ஒரு பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே இரட்டைக் கண்ணாடியை நிறுத்தி, இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று வெறித்துப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. திடீரென்று இரண்டு காகிதமும் ஒன்றாகி, மலை எழும்பி மூக்குக்கு நேரே வந்து நிற்கும். முதல் தடவை எழும்பியபோது துர்சுனை பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டாள். பிரிவுத் தலைவி லிதியா பாவ்லோவ்னா சிரி சிரி என்று சிரித்தாள்.

அந்த லிதியா பாவ்லோவ்னாதான் அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவள். புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வதையே இவளுக்கும் சொன்னாள். "நிழல் உன் மடியில வந்து விழணும், தெரியுதா? அப்படின்னா தெற்கு மேல இருக்கும். படத்தைத் திருப்பணும்னா பலகையோட திருப்பு. ஒண்ணொண்ணா அது அது இருக்கிற இடத்துலயே திருப்பினே, அவ்வளவுதான். பள்ளமெல்லாம் மேடாயிடும், மேடெல்லாம் பள்ளமாயிடும்." அந்தத் தப்பைச் செய்து, மலை முகட்டின்மேல் ஆறு ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்த பையன் ஒருவனைப் பற்றிப் பல வருஷம் கழித்தும் அந்த மாடியில் சிரித்தார்கள். துர்சுனையும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு குணம் உண்டு. மலையை உள்ளதைவிட மூன்று பங்கு உயர்த்திக் காட்டும். அதிலேயே பழகிப்போன கண்ணோடு துர்சுனை ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போனாள். இஸ்ஸிக்-குல் ஏரியின் வடகரையில், மலைக்கு அடியில், வாசல் வடக்குப் பார்த்த வீடு. வாசலில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டாள். அவள் அண்ணன் ஜூமாஷுக்கு வந்ததே கோபம்! "இதுக்குக் குறைச்சல் என்னடி? நீ போனப்புறம் நாங்க சீவி எடுத்துட்டோமா?" என்றான். அண்ணி சைரகான் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்துதான் அண்ணி அவளைக் 'கண்ணாடிக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் வாழ வந்தவள் புருஷன் பெயரை மட்டுமல்ல, புருஷன் வீட்டு ஆட்கள் யார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டாள். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வாள். பதினைந்து வருஷத்தில் சைரகான் ஒரு தடவைகூட நாத்தனாரின் பெயரைச் சொன்னதில்லை. அவள் அந்த வீட்டைச் சேர்ந்தவள் என்பதற்கு அதைவிட வேறு சான்று எங்களுக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் துர்சுனை ஊருக்குப் போகவில்லை. அப்புறம் ஒரு ஜூன் மாசம், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், காவல்காரன் மேலே ஆள் அனுப்பினான். வாசலில் ஜூமாஷ் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைக் கம்பளித் தொப்பி, கையில் ஒரு தோல்பை, முகத்தில் ஒரே கண். இன்னொன்று பத்தொன்பது வயதில் போயிற்று. குதிரைமேல் இருந்து ஆட்டுக்கிடாவைப் பறிக்கிற விளையாட்டில் எவனோ ஒருவனுடைய சாட்டை நுனி பட்டுப் போயிற்று.

"என்னண்ணே, சொல்லாம கொள்ளாம?"

"சொல்லிட்டு வர நான் என்ன மந்திரியா? இந்தா, பிடி. குதிரைப்பால். நேத்துதான் புளிச்சுது. கண்ணாடிக்காரி இளைச்சுப் போயிருப்பா, நின்னு குடிக்கச் சொல்லிட்டு வான்னு உங்க அண்ணி உத்தரவு."

அவள் பையின் வாயைத் திறந்து அங்கேயே இரண்டு வாய் குடித்தாள். காவல்காரன் எச்சில் விழுங்கினான். ஜூமாஷ் அவனுக்கும் கொடுத்துவிட்டு, தங்கையைச் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"புள்ள, ஒரு விஷயம். கோடைக்கு நாங்க மேய்ச்சலுக்கு ஏறுற பள்ளத்தாக்குக்கு மேல சின்ன ஏரி இருக்கே, பனி உருகி நிக்குமே."

"தெரியும். சின்ன வயசுல கல்லு விட்டு எறிவோமே."

"அதேதான். அதோட கல்லுக்கரை நடுவுல ஒரு இடம் உள்ள இறங்கியிருக்கு. போன கோடையிலயே பார்த்தேன், இந்த வருஷம் இன்னும் பெரிசாயிருக்கு. தப்பிப்போன ஆட்டைத் தேடிக்கிட்டு எதிர்ச் சரிவுல ஏறினேன், அங்கேருந்து தெரிஞ்சுது. பெரிய அண்டா மாதிரி. கரை உட்கார்ந்துச்சுன்னா தண்ணி முழுக்க நம்ம தலையிலதான்."

"கிட்டப் போய்ப் பார்த்தியா?"

"எங்க போறது? கல்லெல்லாம் ஆடுது. பயமா இருந்துச்சு, நான் சும்மா சொல்லுவானேன். கூடாரத்தை ஓடையோரத்துலேருந்து பிரிச்சு மேல கல்லுத்திட்டுல போட்டுட்டேன். பண்ணைத் தலைவர் வந்து கத்துறார். உன் குதிரைங்க இங்க என்ன கல்லைத் திங்குமான்னு கேட்குறார். புல்லு இருக்கிறது கீழதானே? அவர் சொல்றதும் நியாயம்தான். கடைசியில என்ன சொன்னார் தெரியுமா? உன் தங்கச்சிதான் ஆகாசத்துலேருந்து எல்லா மலையையும் பார்க்கிறாளாமே, அவளைப் பார்க்கச் சொல்லு. பள்ளம்னா மேலயே இரு, இல்லைன்னா கீழ இறங்குன்னுட்டார்." அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நீ என்ன சொல்றியோ அதுதான். சாயங்காலம் பஸ்ஸு."

போன ஆகஸ்டில்தான் அந்தப் பக்கம் விமானம் பறந்து எடுத்திருந்தது. அந்தப் படங்கள் அலமாரியில் இருந்தன. இன்னும் யாரும் தொடவில்லை. மற்றவர்கள் சாப்பிடக் கீழே இறங்கிப் போனார்கள். துர்சுனை சாப்பிடாமல் அந்த ஜோடியை எடுத்து வைத்தாள். முறைப்படிதான் வைத்தாள். நிழல் மடியில், தெற்கு மேலே. கண்ணை நிறுத்தினாள். ஊர்ப் பள்ளத்தாக்கு எழும்பியது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைப் புள்ளி. ஓடையோரம், கடுகு அளவு. அண்ணன் கூடாரம்! பக்கத்தில் நூல் மாதிரி ஒரு சாம்பல் கோடு, புகை. அந்த நிமிஷம் அண்ணி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்திருப்பாள். நாலு வருஷமாக ஊருக்குப் போகாத துர்சுனை அந்தப் புகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் படத்தில் ஊர் தலைகீழாக இருந்தது. பள்ளத்தாக்கின் வாய் மேலே, பனிமலை கீழே. வாசலில் நின்று பார்க்கிறபோது மலை அப்படியா இருக்கும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வீட்டு வாசலிலிருந்து பார்க்கிற மாதிரி பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. கிளிப்பைத் தளர்த்தி இடப் படத்தை அது இருந்த இடத்திலேயே திருப்பினாள். வலப் படத்தையும் அது இருந்த இடத்திலேயே திருப்பினாள்.

பாவி, பலகையோடு திருப்பவில்லை. பதினொரு வருஷம் தினமும் செய்த வேலை. அன்றைக்கு மட்டும் கை அலுவலகத்தில் இல்லை, ஊரில் இருந்தது.

முழுப் பள்ளத்தாக்கையும் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். அவளுக்கோ நேரமில்லை, அண்ணன் வெயிலில் நிற்கிறான். பெரிதாக்கிக் காட்டும் குழாயைக் கண்ணுக்கு இழுத்து நேரே கல்லுக்கரைக்குப் போனாள். குழாயில் கைக்குட்டை அகல இடம்தான் தெரியும். கல், கல், கல். குண்டும் குழியுமான அந்த இடத்தில் எது குண்டு எது குழி என்று எந்தப் பொருத்தமும் பார்க்க முடியாது. கரையின் நடுவில் ஜூமாஷ் சொன்ன அதே இடத்தில், வட்டமாக ஒன்று இருந்தது. துலக்கமாக, கையை வைத்துத் தடவலாம் போல, ரொட்டி உப்பிய மாதிரி மேலே எழும்பி நின்றது.

மேடு!

அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! பழக்க தோஷத்தில் மெழுகுப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 17 என்று வரிசை எண்ணையும் எழுதினாள். படங்களை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினாள்.

"மேடுண்ணே! பள்ளமுமில்ல ஒண்ணுமில்ல. நல்லா உப்பி நிக்குது. போன கோடையில எடுத்த படம், உங்க கூடாரம்கூட அதுல தெரியுது."

"மேடா?" ஜூமாஷ் நம்பாமல் பார்த்தான். "உள்ள நிழல் விழுந்திருந்துச்சே புள்ள."

"மேட்டுக்கும்தான் நிழல் விழும். அண்ணே, ஆழம் தெரியணும்னா ரெண்டு கண்ணு வேணும். ஒத்தக் கண்ணுக்குப் பள்ளமும் ஒண்ணுதான், மேடும் ஒண்ணுதான்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சிறுவயதிலிருந்து 'ஒத்தைக்கண்ணா' என்று கத்திவிட்டு ஓடிப் பழகிய வாய். ஜூமாஷும் சிரித்தான்.

"அதுவும் சரிதான். உனக்கு ரெண்டு கண்ணு, அதுக்கு மேல ரெண்டு கண்ணாடி, அதுக்கும் மேல ஒரு விமானம். உன்கூட நான் மல்லுக்கட்ட முடியுமா?" தொப்பியைப் போட்டுக்கொண்டான். "அப்போ கீழயே இறக்கிடறேன். உங்க அண்ணிக்கும் தண்ணி தூக்குற பாடு மிச்சம். தினம் திட்டுறா."

பத்தொன்பதாம் நாள் தந்தி வந்தது.

கரை உடைந்தது நல்ல வெயில் அடித்த மத்தியானம் என்றார்கள். சைரகான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சரிவின்மேல் விறகு பொறுக்கப் போயிருந்தாள். மேலேயிருந்து ரயில் வருகிற மாதிரி சத்தம் கேட்டிருக்கிறது. ஜூமாஷ் நினைத்திருந்தால் ஓடி ஏறியிருக்கலாம். ஆனால் ஓடையோரத்தில் குட்டிகள் வரிசையாகக் கயிற்றில் கட்டிக் கிடந்தன. தாய்க்குதிரை பால் கறக்கத் திரும்பி வர வேண்டுமே, அதற்காகப் பகலில் குட்டியைக் கட்டித்தான் வைப்போம். அவன் கத்தியை எடுத்துக்கொண்டு கயிற்றை நோக்கி ஓடினான். பதினொன்றில் ஒன்பது குட்டிகள் பிழைத்தன. அவனை மூன்றாம் நாள், பள்ளத்தாக்கின் வாயில் எடுத்தார்கள்.

துர்சுனை போனபோது, துக்கத்துக்கென்று புதிதாகப் போட்ட கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் தடியில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒப்பாரி வரவில்லை. சைரகான் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"வந்தியா கண்ணாடிக்காரி! உங்க அண்ணன் எவ்வளவு பெருமையா வந்தார் தெரியுமா? என் தங்கச்சி பார்த்துட்டா, மேடாம், இனிமே நிம்மதியா தூங்குன்னார். அவ்வளவு பெரிய மேட்டையும் உடைச்சுக்கிட்டு வந்துடுச்சேடி தண்ணி! நீ என்ன பண்ணுவே? யாரால என்ன பண்ண முடியும்?"

குட்டியை இழந்த இரண்டு தாய்க்குதிரைகள் அன்று முழுக்க ஓடைக்கரையில் கனைத்துக்கொண்டே இருந்தன.

நகரத்துக்குத் திரும்பிய மறுநாளே துர்சுனை அந்த ஜோடியை எடுத்தாள். மேடு எப்படி உடைந்தது என்று பார்க்கத்தான் எடுத்தாள். உறையிலிருந்து வெளியே வந்ததுமே அவள் எழுதிய எண் கண்ணில் பட்டது. முறைப்படி வைத்த படத்தில் 17 தலைகீழாக நின்றது.

பிறகு அன்றைக்கு வைத்த மாதிரியே ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். குழாயை ஒதுக்கிவிட்டு முழுப் பள்ளத்தாக்கையும் பார்த்தாள். ஓடை ஒரு மலை முகட்டின்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

லிதியா பாவ்லோவ்னா பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அந்த அம்மாளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. எண்ணைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், போதும். கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யாருக்கு இதைப் பத்தித் தெரியும்?"

"எங்க அண்ணனுக்கு."

"வேற?"

"வேற யாருக்கும் இல்ல."

"எழுதிக் கொடுத்தியா?"

"இல்ல. வாயால சொன்னேன்."

"அப்போ பேசாம இரு. வெயில் அதிகம், பனி உருகிச்சு, கரை உடைஞ்சுதுன்னு விசாரணைக் குழு எழுதிட்டாங்க. நீ இப்போ பேசினா உன்னையும் தூக்குவாங்க, ரகசியப் படத்தை வெளியே சொன்னதுக்கு என்னையும் தூக்குவாங்க. செத்தவன் வரப்போறானா?" பஞ்சைச் சாராயத்தில் நனைத்து வட்டத்தையும் எண்ணையும் அவளே துடைத்தாள். "அழணும்னா வீட்டுக்குப் போய் அழு. படம் நனையும்."

நாற்பதாம் நாள் விருந்துக்குத் துர்சுனை போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். சைரகான் அவள் தட்டில் நல்ல இறைச்சியாகப் பொறுக்கிப் போட்டு, "சாப்பிடு கண்ணாடிக்காரி, எலும்பா போயிட்டே" என்றாள். அதற்குமேல் எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில் அலுவலகமே காலியாயிற்று. எல்லோரையும் லாரியில் ஏற்றிச் சர்க்கரைக்கிழங்கு பிடுங்க அனுப்பிவிட்டார்கள். துக்கக்காரி என்று துர்சுனையை மட்டும் விட்டுவிட்டார்கள். அன்று பார்த்து, கறுப்புத் துணி கட்டிய சைரகான் மாடிப்படி ஏறி வந்தாள். விதவையைத் தடுக்கக் காவல்காரனுக்கு மனசு வரவில்லை.

"அண்ணி! நீங்க எப்படி இங்க?"

"கால் இருக்கே, நடந்து வந்தேன்." அவள் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "போன கோடையில எடுத்த படம் இருக்குன்னு அவர் சொன்னார். எங்க கூடாரம் அதுல தெரியும்னு நீ சொன்னியாமே. எங்ககிட்ட அவர் படம்னு ஒண்ணுகூட இல்ல. எங்க வீட்டையாவது காட்டு. பார்த்துட்டுப் போறேன்."

துர்சுனை அலமாரியைத் திறந்தாள். ஜோடியை எடுத்தாள். முறைப்படி வைத்தாள்.

"ரெண்டு ரெண்டா தெரியுது."

"கொஞ்சம் பொறுங்க அண்ணி. தூரத்துல பார்க்கிற மாதிரி பாருங்க."

"ஒண்ணும்... அம்மாடி!" சைரகான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு ஆழத்துலயா நாங்க இருந்தோம்? கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கே. அதோ, கூடாரம். புகை வருது பாரு. என் அடுப்புதான். அவர் எங்க?"

"ஆள் தெரியாது அண்ணி. ரொம்பச் சின்னது."

"இருப்பார். கூடாரத்துக்குள்ள இருப்பார். மதியத்துல தூங்குவார்."

வெகுநேரம் பார்த்தாள். படத்தில் ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள், நிஜமாக நடந்து போகிற மாதிரி. துர்சுனைக்குத் தெரிந்துவிட்டது, அவள் எங்கே போய் நிற்பாள் என்று. தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

"இது ஏரி. இது கல்லுக்கரை." சைரகானின் குரல் மெதுவாகிவிட்டது. "நடுவுல இது என்ன குழி?"

துர்சுனை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடுன்னு சொன்னியே."

"அண்ணி, நான் படத்தைத் தப்பாத் திருப்பிட்டேன்." இரண்டு மாசத்துக்கும் மேலாக அடைத்திருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. "வீட்டு வாசல்லேருந்து பார்க்கிற மாதிரி பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். ஒவ்வொண்ணா திருப்பினா பள்ளம் மேடாத் தெரியும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் பண்ணினேன். அண்ணன் சரியாத்தான் பார்த்தான். ஒத்தக் கண்ணுன்னு நான்தான் சிரிச்சேன். நான்தான் அவனைக் கீழ இறக்கினேன்."

சைரகான் கண்ணாடியிலிருந்து தலையை எடுக்கவில்லை. அடிப்பாள், கத்துவாள், தலைமுடியைப் பிடித்து இழுப்பாள் என்று துர்சுனை காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ அன்னைக்குப் பார்த்த மாதிரி வை," என்றாள் சைரகான்.

"அண்ணி, வேண்டாம்."

"வை."

இடப் படத்தை அது இருந்த இடத்திலேயே திருப்பினாள். வலப் படத்தையும் அது இருந்த இடத்திலேயே திருப்பினாள். சைரகான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பழகாத கண், நேரமாயிற்று. பிறகு அவள் தோள் ஒரு தரம் குலுங்கி நின்றது.

"மேல இருக்கோம்," என்றாள். "எல்லா மலைக்கும் மேல. சுத்தி எல்லாம் கீழ கிடக்கு. ஏரி எங்கேயோ பாதாளத்துல இருக்கு. இங்க எப்படித் தண்ணி வரும்? வரவே முடியாதே."

கீழே தெருவில் லாரி வந்து நின்றது. கிழங்கு பிடுங்கப் போனவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். மாடிப்படியில் லிதியா பாவ்லோவ்னாவின் குரல் கேட்டது. அந்நிய ஆள் படத்தைப் பார்ப்பதைக் கண்டால் எல்லோருக்கும் வினை. துர்சுனை அவசரமாகப் படங்களின்மேல் கையை வைத்தாள்.

"கையை எடு, துர்சுனை," என்றாள் சைரகான், தலையை நிமிர்த்தாமலே.

பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது. துர்சுனை கையை எடுத்தாள்.